ஏஜென்ட்டுக்கு எழுதிய ஒரு வரி

மென்பொருளுக்குக் கையேடு எழுதுவது என் பிழைப்பு. பல வருடம் மனிதர்களுக்காக எழுதினேன், யாரும் படித்ததில்லை. படிக்காமலேயே என்னைக் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்பார்கள். எல்லாம் எழுதித்தானே வைத்திருக்கிறேன் என்று நானும் எரிந்து விழுவேன். போன வருடம் எங்கள் நிறுவனம் இனி ஏஐ ஏஜென்ட்டுக்காக எழுதச் சொன்னது. ஏஜென்ட் என்பது வேலையைச் சொல்லிவிட்டால் அதற்கான கட்டளைகளைத் தானே தட்டி முடித்துவிடும் ஒரு மென்பொருள். கையேட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்குமாம். ஒருவழியாக எனக்கும் ஒரு வாசகர் கிடைத்துவிட்டார் என்று உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

கையேடு சிமுலேட்டரைப் பற்றியது. கணினித் திரைக்குள் ஓடும் பொய்க் கைபேசி அது. அதைத் திறக்க, செயலியை ஏற்ற, பொத்தானை அழுத்த, உள்ளே இருப்பதையெல்லாம் அழிக்க, ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டளை உண்டு. விருத்தாசலத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து எழுதினேன். கணவர் பீங்கான் ஃப்யூஸ் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். மதியம் சாப்பிட வரும்போது தலை முதல் கால் வரை வெள்ளை மாவாக வந்து, சரியாக என் லேப்டாப்புக்குப் பக்கத்தில் நின்று சட்டையை உதறுவார். ஏஜென்ட்டுக்குச் சொல்லிப் புரியவைத்துவிடலாம், இவருக்கு முடியாது.

எங்கள் குழுவில் பெண்ணாடத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள். குழந்தை பிறந்து மூன்று வருடம் வீட்டில் இருந்துவிட்டு, செயலிகளைச் சோதிக்கும் வேலைக்குச் சேர்ந்தவள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கரும்பு விவசாயிகள் வெட்டு நாளைப் பதிவு செய்யும் செயலி ஒன்றில் அவள் ஒரு பிழையைக் கண்டுபிடித்தாள். எழுத்தைப் பெரிதாக்கினால் 'உறுதி செய்' பொத்தான் திரைக்குக் கீழே போய் மறைந்துவிடுகிறது. மற்றவர்கள் சோதித்தபோது அப்படி ஆகவில்லை. அவள் படம் எடுத்துக் காட்டியும் குழுத்தலைவர் நம்பவில்லை, நீ ஏதோ தப்பாகச் செய்திருப்பாய் என்றுவிட்டார். திங்கட்கிழமை தன் சிமுலேட்டரைத் திறந்து நேரிலேயே காட்டுகிறேன் என்று அவள் சொல்லியிருந்தாள். காட்ட முடியாவிட்டால் அவள் பேச்சுக்கு அங்கே மரியாதை இல்லை, வேலையும் சந்தேகம்தான்.

எங்கள் எல்லோருடைய சிமுலேட்டர்களும் சென்னை அலுவலகத்தில் ஒரே கணினியில் இருந்தன. வெள்ளிக்கிழமை காலை அங்கே ஏஜென்ட்டை முதல்முறையாக ஓடவிட்டோம். டீ ஆறுவதற்குள் அது எல்லாச் சிமுலேட்டரையும் துடைத்து வைத்துவிட்டது. திங்கட்கிழமை காட்டுவதற்காக அவள் வைத்திருந்ததும் போய்விட்டது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கையேட்டை மீறி நடந்துகொண்டது என்று ஏஜென்ட்டைத் திட்டி குழுவுக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினேன். எல்லோரும் ஆமாம் போட்டார்கள். அப்புறம்தான் அது என்னென்ன செய்தது என்ற பதிவைத் திறந்து பார்த்தேன். அதில் என் வரியையே எடுத்துப் போட்டிருந்தது. 'சுத்தமான சிமுலேட்டரில் தொடங்குவது நல்லது' என்று கையேடு சொல்கிறது, சுத்தமானது ஒன்றுமே இல்லை, ஆகவே எல்லாவற்றையும் சுத்தம் செய்கிறேன் என்று எழுதியிருந்தது. இதில் எந்த இடத்தில் குற்றம் சொல்வது? எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று நான் எழுதவே இல்லை. எழுதுவது ஆங்கிலத்தில் என்றாலும் புத்தி நம்மூர்ப் புத்தி. பார்த்துச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டால் போதும், மீதியை அவர்களே புரிந்துகொள்வார்கள் என்ற நினைப்பு.

மதியம் கணவரிடம் புலம்பினேன். அவரும் பட்டறையில் அந்தப் பக்கம் ஒதுக்கிவை, இந்தப் பக்கம் எடுத்துவை என்றுதான் சொல்வாராம், இதுவரை ஒன்றும் உடைந்ததில்லையாம். எப்படி என்றேன்.

"எங்க ஆளுங்க ஒருவாட்டி திருப்பிக் கேப்பாங்க" என்று சொல்லிவிட்டு ரசத்துக்குத் தட்டை நீட்டினார்.

சனிக்கிழமை காலை அந்தப் பெண்ணாடத்துப் பெண் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் லேப்டாப்பில் புதிதாக ஒரு சிமுலேட்டரைத் திறந்து, அவளுடையதில் இருந்த மாதிரியே ஒவ்வொன்றாக அமைத்தோம். தமிழ் வைத்தோம், எழுத்தைப் பெரிதாக்கினோம், தேதியை மாற்றினோம். பொத்தான் கல்லு மாதிரி அதே இடத்தில் இருந்தது. பன்னிரண்டு மணிக்கு நான் மேசையைத் தட்ட ஆரம்பித்துவிட்டேன். அவள்தான் நிதானமாக யோசித்து, தன் சிமுலேட்டரில் செயலியின் பழைய பதிப்பை முதலில் ஏற்றி, அதன் மேலேதான் புதியதை ஏற்றியிருந்தேன் என்று நினைவுபடுத்திக்கொண்டாள். அப்படியே செய்தோம். பொத்தான் மறைந்தது. இந்த முறை ஒன்றுவிடாமல் எழுதி வைத்தோம். திங்கட்கிழமை குழுத்தலைவர் அதைத் தன் கணினியிலேயே செய்து பார்த்து ஒப்புக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை பொத்தான் மறைந்த சந்தோஷத்தில் அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். என் வரியால்தான் உனக்கு இந்த அலைச்சல் என்று மன்னிப்பும் கேட்டேன். அவள் கிளாஸைக் கீழே வைத்தாள்.

"அந்த வரிய நான் போன வாரமே பாத்தேங்க்கா. இத வெச்சிகிட்டு அது எத வேணாலும் அழிச்சிடுமேன்னு தோணுச்சு."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டுவிட்டேன்.

"முன்ன ஒருவாட்டி ஒரு சின்னத் தப்பச் சொன்னதுக்கே ரெண்டு நாளு எங்கிட்ட பேசவே இல்லீங்களே. எனக்கு இன்னும் வேலையே உறுதியாவல. எதுக்கு வம்புன்னு உட்டுட்டேன்."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஏஜென்ட் கேட்காததற்காவது காரணம் இருக்கிறது, அதற்கு என்னைத் தெரியாது. இவள் என்னைத் தெரிந்ததால் கேட்கவில்லை. அவமானமாக இருந்தது. லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பி, முழுவதையும் படித்து, தப்பு எங்கெங்கே இருக்கிறது என்று சொல் என்றேன்.

"கோவப்பட மாட்டீங்களே?"

மாட்டேன் என்றேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். மூன்றாவது தப்பிலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு திருத்தினேன்.