சாமி கும்பிடப் போன வக்கீல் வீடு

எங்கள் ஊர்ப் பக்கம் ஐ.பி., அதாவது திவால் மனு, கொடுக்கப் போகிறவர்கள் ஆண்டாளைக் கும்பிடப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். ராஜபாளையத்தில் தொழில் நொடித்துப்போனவர், 'என்னால் கடனை அடைக்க முடியாது, என்னிடம் இருப்பதை எடுத்துப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள்' என்று மனுப் போட வேண்டிய கோர்ட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தது. கோயிலும் அங்கேயே. எவ்வளவு பெரிய வசதி பாருங்கள்! மனுப் போடும் முன்னால் விஷயம் கசிந்தால், கடன் கொடுத்தவர்கள் எல்லாரும் விடிவதற்குள் வாசலில் வந்து நின்றுவிடுவார்கள்.

அப்பாவுக்கு ஆறு விசைத்தறிகள். காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி ஓட்டினார். வடக்கே சரக்கு வாங்கிய ஆள் பணம் தராமல் கம்பி நீட்டிவிட, நூல் வாங்கிய கடன் கழுத்தை நெரித்தது. மனுப் போட்டால் தொல்லை ஓயும். ஆனால் தறி போய்விடும், அதற்கப்புறம் ஊரில் ஒரு கோன் நூல்கூட யாரும் நம்பிக் கொடுக்க மாட்டார்கள். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது எனக்கு ஒன்பது வயது. பட்டுப்பாவாடை கட்டிவிட்டு, தலை கொள்ளாத கனகாம்பரமும் வைத்தால் நான் எதற்கு யோசிக்கப் போகிறேன்?

"ஏட்டி, யாரு கேட்டாலும் கோயிலுக்குன்னு சொல்லு. அம்புட்டுதான்," என்றாள் அம்மா.

பஸ்ஸில் ஏறினால் முதல் சீட்டிலேயே நூல்கடைப் பெரியப்பா! சொந்தப் பெரியப்பா இல்லை. அப்பா 'அண்ணாச்சி' என்று கூப்பிடுவதால் எனக்குப் பெரியப்பா. அப்பா அதிகமாகக் கடன்பட்டிருந்ததே அவரிடம்தான். அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது.

"எங்க தம்பி, பாப்பாவோட?"

"ஆண்டாளக் கும்பிட்டுட்டு வரலாம்னு அண்ணாச்சி. நீங்க?"

"நானும் அதுக்குத்தான் போறேன்."

வழி நெடுக இரண்டு பேரும் ஆண்டாளின் பெருமையைப் பேசிக்கொண்டே வந்தார்கள். அத்தனை பக்தியை நான் அப்பாவிடம் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கோயிலில் மூவரும் சேர்ந்தே சுற்றினோம். வெளியே வந்ததும், எனக்குப் பால்கோவா வாங்க வேண்டும் என்று சொல்லி அப்பா நழுவப் பார்த்தார். பெரியப்பாவோ அவரைவிட அவசரமாக, "சரி தம்பி, நான் வாரேன்," என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்துவிட்டார். எனக்குப் பால்கோவா கிடைத்தது. அன்றைக்கு நான் பரம சந்தோஷம்.

தெருவைச் சுற்றிக்கொண்டு வக்கீல் வீட்டுக்குப் போனால், வராந்தா பெஞ்சில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வக்கீல் கோர்ட்டில் இருக்கிறார், மத்தியானம்தான் வருவார் என்று சொல்லிவிட்டுக் குமாஸ்தா உள்ளே போய்விட்டார். அப்பா மெதுவாக உட்கார்ந்து, மனுவுக்காக எழுதி வைத்திருந்த தாளை நீட்டினார்.

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி. இதுல ஒங்க பேருதான் மொதல்ல."

"கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன். நீ வாசி தாயி."

வாசிப்பில் வகுப்பிலேயே நான்தான் முதல். விடுவேனா? எழுந்து நின்று, பள்ளிக்கூடத்துக் குரலில் ஆரம்பித்தேன். விசைத்தறி ஆறு. சைக்கிள் ஒன்று. தையல் மிஷின் ஒன்று. பிறகு, பணம் கொடுக்க வேண்டியவர்கள். முதலில் பெரியப்பா பெயர். அவர் தரையைப் பார்த்தபடி கேட்டார். அந்தத் தாள் முடிந்ததும், அவர் மடியில் இருந்த தாளையும் நானே எடுத்துக்கொண்டேன்.

"அது வேண்டாம் தாயி," என்று அவர் கை நீட்டுவதற்குள் பாதி தூரம் வாசித்துவிட்டேன். அவரும் மனுப் போடத்தான் வந்திருந்தார்; அவருக்குப் பாக்கி வைத்திருந்த பதினோரு பேரின் பட்டியல் அது. ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் பணம் வருமா வராதா என்று எழுதியிருந்தது. வராது. வராது. வராது. ஏழாவதாக அப்பாவின் பெயர். எதிரில், 'வரும்'. அதற்குக் கீழே மறுபடியும் வராது, வராது.

நான் முடித்தபோது அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது.

"என்ன தம்பி இது, பிள்ளை முன்னால," என்றார் பெரியப்பா. "குமாஸ்தா ஒவ்வொரு பேராக் கேட்டாரு. ஒன் பேருக்கு எனக்கு வேற சொல்லத் தோணல."

"நான் இதப் போட்டேன்னா நீங்க எழுதுனது பொய்யாப் போகுமே அண்ணாச்சி."

நான் பால்கோவாவை எடுத்தேன். பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "செத்த நேரம் கேளு. ரெண்டு பேருமாப் போயி எனக்கு நூல் கடன் குடுத்த மில்லுல தவணை கேப்போம். நூல் என் பொறுப்பு. நீ கூலிக்கு ஓட்டு. கூலியில பாதிய நான் பிடிச்சிக்கிடுதேன், பாதிய நீ வீட்டுக்குக் கொண்டு போ. எம்புட்டு வருசம் ஆனாலும் ஆவட்டும்," என்றார். வக்கீல் சாப்பிட வருவதற்குள் நாங்கள் பஸ் ஸ்டாண்டில் இருந்தோம்.

கடன் அடைய நாலு வருடம் ஆயிற்று. இரண்டு தீபாவளிக்கு எனக்குப் புதுப்பாவாடை கிடையாது. அதற்காக நான் போட்ட ஆட்டம் கொஞ்சமில்லை. ஆனால் எங்கள் வீட்டில் தறிச் சத்தம் ஒருநாளும் நிற்கவில்லை. அந்தச் சத்தத்தில்தான் நான் படித்தேன், தூங்கினேன், நன்றாகவே இருந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் போய்வந்த அன்று சாயங்காலம் வாசலிலேயே காத்திருந்த அம்மா, அப்பாவைக் கேட்கத் துணிவில்லாமல் என் கையைப் பிடித்து இழுத்து, "என்னட்டி ஆச்சு?" என்றாள்.

"நான் ஒரு தப்பும் இல்லாம வாசிச்சேம்மா. அப்பாதான் அழுதுட்டாக," என்றேன். எனக்கு உண்மையிலேயே வருத்தம். மற்ற பத்துப் பேரும் ஒரே மாதிரி விடை எழுதியிருக்க, அப்பா பெயருக்கு மட்டும் வேறு விடை இருந்ததே! அப்பா மட்டும்தான் தப்புப் பண்ணிவிட்டார் போல என்று நினைத்து, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "பரவால்லப்பா," என்று முதுகைத் தடவிக் கொடுத்தேன்.