அண்ணி கொடுத்த கண் மருந்து

கண்புரை எடுத்துக் கட்டுப் பிரித்து வீடு வந்தபோது, முதலில் என்னை ஏமாற்றியது எங்கள் லயத்து வீட்டின் காம்பராச் சுவர்தான். இத்தனை வருஷமும் அது மஞ்சள் என்று நம்பிக் குடியிருந்திருக்கிறேன். பார்த்தால் வெள்ளை. அடுத்து என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். மீசைக்கு மை பூசுகிறவர், பாதி மீசையை விட்டுவிட்டிருந்தார். சொல்லிக் காட்டினேன். கண்ணை ஏன் திறந்துவிட்டார்கள் என்று அன்றைக்கே அலுத்துக்கொண்டார்.

வீக்கம் வராமல் இருக்க ஒரு சொட்டு மருந்து தந்திருந்தார்கள். வாரா வாரம் குறைத்து, பிறகு நிறுத்திவிடச் சொன்னார்கள். எனக்கு எங்கே நிறுத்த மனம் வரும்? விடியற்காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய்விட்டு வந்து அதை விட்டால் கண் அப்படிக் குளிரும். உறுத்தல் ஓடிப்போகும். என் போத்தல் தீர்ந்ததும் பக்கத்துக் காம்பராவிலிருந்து அண்ணி தன்னுடையதைக் கொண்டுவந்தார். அவருக்கு எனக்கு முன்பே கண்புரை வெட்டியிருந்தார்கள். எங்கள் லயத்தில் மிஞ்சிய மருந்தை யாரும் வீசுவதில்லை. இருமல் பாணியானாலும் காய்ச்சல் குளிசையானாலும் வீடு வீடாகப் போய்த் தீர்ந்துதான் அடங்கும்.

"தலைய நிமித்து புள்ள, ஆடாத" என்று அண்ணியே தினமும் விட்டுவிடுவார். அவருடையதும் தீர்ந்தபோது, கடைசிக் காம்பராவில் கேட்டு வாங்கி வந்தார். அதையும் விட்டுக்கொண்டேன்.

கேகாலை கிளினிக்குக்குப் போன அன்று நான் பெருமையோடுதான் போனேன். புளத்கொகுபிட்டியவில் பஸ் ஏறியதிலிருந்து கடைப் பலகைகளையெல்லாம் சத்தமாக வாசித்தேன். தமிழ்ப் பலகைகளில் இருந்த பிழைகளையும் விடவில்லை. பக்கத்தில் இருந்த அண்ணி, "வாய மூடிக்கிட்டு வா, மானம் போவுது" என்றார். கண்ணில் வலி இல்லை, சிவப்பு இல்லை. எனக்கு என்ன கவலை?

டொக்டர் நோனா, சிங்கள அம்மா, கருவியை வைத்துக் கண்ணின் அழுத்தத்தைப் பார்த்தார். முகம் மாறியது. மறுபடி பார்த்தார். இன்னும் மருந்து போடுகிறீர்களா என்று சிங்களத்தில் கேட்டார். ஆமாம் என்று சந்தோஷமாகச் சொன்னேன். அது ஸ்டீரொய்ட் மருந்து என்றார். சிலருக்கு அதை நாள்பட விட்டால் கண்ணுக்குள் ஊறும் தண்ணீர் வெளியே வடிய முடியாமல் அழுத்தம் ஏறுமாம். ஏறியது நரம்பை நெரிக்கும். வலிக்காது, அதனால் நமக்குத் தெரியவும் தெரியாது. நரம்பு செத்தால் செத்ததுதான், இந்தக் கண் போய்விடும் என்றார்.

இத்தனை போத்தல் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அண்ணி பக்கத்திலேயே நின்றார். கடையில் வாங்கினேன் என்று சிங்களத்தில் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன். அண்ணி, தமிழே புழங்கும் அட்டன் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். இத்தனை காலமாகியும் சிங்களம் பேசி யாரும் கேட்டதில்லை. வெளியே வந்ததும், "என்ன புள்ள சொன்னாங்க?" என்றார். "கொஞ்சம் அழுத்தம் இருக்காம். பழைய மருந்த நிப்பாட்டிட்டு இத விடச் சொன்னாங்க" என்று புதுப் போத்தலைக் காட்டினேன்.

அதற்குப் பிறகு நான் பட்ட பயம் எனக்குத்தான் தெரியும். ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று மற்றக் கண்ணைப் பொத்திக்கொண்டு, வெட்டுக்கோடு தெரிகிறதா, பால் சிரட்டையில் விழுகிறதா என்று பார்ப்பேன். தெரிந்தால் அந்த மரத்தையே கொஞ்சவேண்டும் போலிருக்கும். அண்ணி ஒருநாள் தன் வீட்டில் மிஞ்சிய மருந்துப் போத்தல்களையெல்லாம் தண்ணீர்ப் பீலிக்கரையில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "பழசு" என்று மட்டும் சொன்னார். எனக்குச் சொட்டு விடவும் அவர் வரவில்லை. வீட்டுக்காரர்தான் விட்டார், பாதி கன்னத்தில்.

அண்ணியும் நானும் மறுபடி கிளினிக்குக்குப் போனோம். டொக்டர் பார்த்துவிட்டுச் சிரித்தார். அழுத்தம் இறங்கிவிட்டது, நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த கண்ணையும் வெட்டலாம், ஆனால் அந்த ஸ்டீரொய்ட் மருந்து உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்றார். எனக்கு அங்கேயே ஆடவேண்டும் போலிருந்தது.

அப்போது அண்ணி ஓரடி முன்னே வந்தார். முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "மம தமய் துன்னே, நோனா" என்றார். நான்தான் கொடுத்தேன் என்று சிங்களத்தில் சொன்னார்.

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வெளியே வந்ததும், "அப்ப அன்னிக்கு அவங்க பேசினது எல்லாம் ஒங்களுக்கு வெளங்குச்சா அண்ணி?" என்று கேட்டேன்.

"கண்ணு போயிரும்னு சொன்னது வரைக்கும் வெளங்குச்சு. அதுக்கப்புறம் ஒண்ணும் காதுல விழல" என்றார்.

வாசலில் அத்தனை சனம் நிற்க, அவரைக் கட்டிக்கொண்டேன். அன்றைக்கு மட்டும் அவர் மானத்தைப் பற்றிப் பேசவில்லை.