அல்லாலின் மனைக்குப் பச்சை அடித்த கதை

எங்கள் ஊர் நகராட்சி மாதிரி தாராள மனசு படைத்த நகராட்சியை மொராக்கோ முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. அடுத்தவன் நிலத்தை எடுத்து ஊருக்கே தானம் பண்ணும். என் மளிகைக் கடைக்கு எதிரே இருக்கிற பூங்காவையே பாருங்கள். நகராட்சி அந்த மண்ணுக்கு ஒரு திர்ஹம் கொடுத்ததில்லை. கொடுத்தவர் ஸி அல்லால், அதாவது அல்லால் ஐயா, அதுவும் அவருக்கே தெரியாமல்.

அல்லால் சர்க்கரை எடுக்கிற பீட்ரூட்டை ஆலைக்கு ஏற்றும் லாரி ஓட்டியவர். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். அவர் பங்குக்கும் சேர்த்து அவர் மனைவி யம்னா பேசுவாள். பிள்ளை குட்டி இல்லை. கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுதான். மொட்டை மாடியில் துணி காயப்போட்டதற்கு ஒரு வீட்டுக்காரி சண்டைக்கு வந்தாள். இன்னொருத்தி தண்ணீரை நிறுத்தினாள். சாவதற்குள் சொந்த வீட்டில் குடியேற வேண்டும், அவ்வளவுதான் யம்னா கேட்டது. அதற்காகத்தான் ஊர்க்கோடியில் முள்ளும் கல்லுமாகக் கிடந்த அந்த மனையை அல்லால் வாங்கினார். கட்டக் காசு சேர்வதற்குள் ஊர் வளர்ந்து மனையைத் தாண்டிப் போய்விட்டது.

கட்ட அனுமதி கேட்டு நகராட்சிக்குப் போனார். இத்ரிஸ்ஸி என்று ஒரு இளம் பொறியாளர். வரைபடத்தை மேஜையில் விரித்து ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"உங்க மனை பச்சையில இருக்கு, ஹாஜ்."

"நான் இன்னும் ஹஜ்ஜுக்குப் போகலை, தம்பி. பச்சைன்னா என்ன?"

"பூங்காவுக்கு ஒதுக்கியிருக்கோம். பொதுநலன். நீங்க ஒண்ணும் கட்டக் கூடாது."

"அப்ப நீங்க வாங்கிக்கிறீங்களா?"

"வாங்காம? நிதி வந்ததும் கமிஷன்னு ஒரு குழு நேர்ல வந்து விலை போடும். பத்து வருஷம் கெடு. அதுக்குள்ள வாங்கலைன்னா நிலம் மறுபடி உங்க இஷ்டம்."

"அதுவரைக்கும் நான் எங்க குடியிருக்கிறது?"

"அது எங்க பிரிவு இல்லை, ஹாஜ்."

செய்தி காபிக்கடைக்கு வந்ததும் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த வித்தைதான். வெறும் மண்ணுக்குக் கமிஷன் மண் விலைதான் போடும். ஒலிவ மரம் நின்றால் ஒவ்வொரு மரத்துக்கும் தனி விலை. அதனால் கமிஷன் வரப்போகிறது என்று காற்றுவாக்கில் கேட்டாலே போதும், பொட்டல்காடெல்லாம் தோப்பாகிவிடும். கமிஷன் காரில் ஏறிப் போனதும் அந்தக் கன்றுகள் காய்ந்து விழும். யாரும் அழுவதில்லை.

அல்லால் எதையும் ஒப்புக்குச் செய்யத் தெரியாத அப்பாவி. குழி ஆழமாகத் தோண்டி, மக்கிய எரு போட்டு, வரிசை பிடித்து நட்டார். லாரியில் பீப்பாய் வைத்துத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். "ஏ மனுஷா, கமிஷனுக்குக் காட்டத்தானே நடுறே, பேரன் பேத்திக்கு நடுற மாதிரி நடுறியே!" என்று யம்னா தலையில் அடித்துக்கொண்டாள்.

கமிஷன் வரவில்லை. நிதி என்னவோ வருஷா வருஷம் வந்துகொண்டுதான் இருந்தது, நகராட்சித் தலைவர் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வாரே. ஒரு வருஷப் பூங்கா நிதி பேருந்து நிலைய ரவுண்டானாவில் ஆள் உயர டீக்கெண்டியாக எழுந்து நின்றது. அதன் மூக்கிலிருந்து தண்ணீர் கொட்ட வேண்டும், இன்றுவரை கொட்டியதில்லை. இன்னொரு வருஷ நிதி நெடுஞ்சாலை ஓரத்தில் பேரீச்ச மரங்களாக நின்றது. யாரோ பெரிய மனிதர் அந்த வழியாகப் போகிறார் என்றார்கள். போனார். காரின் திரைச்சீலை மூடியிருந்தது. மனை வாங்கக் கேட்டால் மட்டும் நகராட்சி பஞ்சப்பாட்டு பாடியது.

இதற்கிடையில் பாழாய்ப்போன ஒலிவ மரங்கள் வளர்ந்துவிட்டன. சுற்றிலும் நாலு மாடி, ஐந்து மாடி, ஒரு இடத்திலும் நிழல் கிடையாது. வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ் சாப்பிட்ட கையோடு பெண்கள் டீத்தட்டும் பாயுமாக அங்கே வந்துவிடுவார்கள். கிழவர்கள் சோடா மூடியை வைத்து ஆடு புலி ஆடினார்கள். நானும் கடையை இழுத்து மூடிவிட்டு ஒரு மரத்தடியில் குட்டித்தூக்கம் போடுவேன், பொய் சொல்வானேன்.

"வேலி போடு, வேலி போடுன்னு கத்துறேனே, காதுல விழுதா?" என்பாள் யம்னா.

"நிழல்ல உட்கார்றவங்களை எப்படிம்மா எழுப்பி விடுறது? வெட்கக்கேடு" என்பார் அல்லால்.

பத்து வருஷம் முடிந்தது. யம்னா வெண்ணெய் வழிய அடுக்கு ரொட்டி சுட்டுத் தெரு முழுக்கக் கொடுத்தாள். "அடுத்த வாரம் அஸ்திவாரம், வந்துடணும்" என்று என்னிடமும் சொன்னாள். மறுநாள் புருஷனைத் தனியே விடாமல் தானும் நகராட்சிக்குப் போனாள். இத்ரிஸ்ஸிக்கு இப்போது தொந்தியும் பெரிய நாற்காலியும் வந்திருந்தன. புதிய வரைபடம் ஒன்றை விரித்தார். மனை மறுபடியும் பச்சை.

"போன பச்சைக்குக் கெடு முடிஞ்சு போச்சே!" என்றாள் யம்னா.

"அது பழைய படம், லல்லா" என்றார், அம்மா என்று மரியாதை கொடுக்கிற தொனியில். "இது புதுசு. இருக்கிற பசுமையைக் காப்பாத்தணும்னு எங்களுக்கு உத்தரவு. உங்க பேட்டையில வேற பசுமையே கிடையாது."

"அந்த மரமெல்லாம் இவர் வெச்சது!"

"ஊர் சார்பா அவருக்கு நன்றி."

"வெட்டி அடுப்புல வைக்கிறேன் பாரு!"

"வெட்டினா அபராதம், லல்லா."

அன்றைக்கு அல்லால் என் கடை வாசலில் வந்து உட்கார்ந்தார். மரம் வைக்காமல் இருந்திருந்தால் இந்நேரம் சுவர் எழும்பியிருக்கும் என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வேறென்ன செய்ய?

தேர்தல் நெருங்கியதும் நகராட்சிக்குத் திடீரென்று இயற்கை மேல் காதல் பொங்கியது. நிலத்துக்குக் கொடுக்கத்தான் காசில்லை. இரும்பு வேலிக்கு இருந்தது, வாசல் கதவுக்கு இருந்தது, தலைவர் பெயர் போட்ட பலகைக்கு இருந்தது. உள்ளே ஒரு காவலாளி அறையும் கட்டினார்கள். கட்டிய பிறகுதான் காவலாளிக்குச் சம்பளம் ஒதுக்கவில்லை என்பது ஞாபகம் வந்தது.

இத்ரிஸ்ஸி பெண் கேட்கப் போகிறவர் மாதிரி ஒரு சர்க்கரைக் கூம்பைக் கையில் பிடித்தபடி அல்லால் வீட்டுக்கு வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன்.

"ஸி அல்லால், உங்களை விட்டா அந்த மரங்களை யார் பார்த்துப்பாங்க? காவலாளியா இருங்க. சம்பளம் இப்போதைக்கு இல்லை. ஆனா அறை உங்களுக்கு. வாடகையே கிடையாது."

அல்லால் அவரை நிமிர்ந்து பார்த்தார். "என் நிலத்துல எனக்கே காவல்காரன் வேலையா?"

யம்னா கத்துவாள், கூம்பால் அந்த ஆளின் மண்டையைப் பிளப்பாள் என்று நான் காத்திருந்தேன். அவள் நிதானமாக டீ ஊற்றினாள்.

"வாசல் சாவி யார்கிட்ட இருக்கும்?"

"காவலாளிகிட்டதான், லல்லா."

"சரி. எங்களுக்குச் சம்மதம்."

திறப்பு விழா அன்று மேளம், சிவப்பு ரிப்பன், தட்டில் பாலும் பேரீச்சம்பழமும். தலைவர் கத்தரிக்கோலோடு வந்து நின்றார். சுற்றிலும் புகைப்படக்காரர்கள். ரிப்பனுக்குப் பின்னால் கதவு பூட்டியிருந்தது. உள்ளே மரத்தடியில் யம்னா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். அல்லால் பக்கத்தில் நின்றார்.

"திறம்மா" என்றார் தலைவர், புகைப்படத்துக்கு வைத்த சிரிப்பு மாறாமல். "இது பொது இடம்."

"ஆமாங்கய்யா, நீங்க சொன்னா சரிதான். விலையைக் குடுத்துட்டு உள்ள வாங்க" என்றாள் யம்னா.

கூட்டத்தில் முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. நானாகவும் இருக்கலாம். இத்ரிஸ்ஸி கம்பியைப் பிடித்துக்கொண்டு, "போலீசைக் கூப்பிடுவேன், லல்லா!" என்று பல்லைக் கடித்தார்.

"கூப்பிடு. பத்திரம் இவர் பேர்லதான் இருக்கு. இத்தனை பேர் முன்னால உரக்கப் படிச்சுக் காட்டச் சொல்லு."

கேமராக்கள் எல்லாம் அவள் பக்கம் திரும்பிவிட்டன. தலைவர் பூட்டிய கதவுக்கு வெளியிலேயே ரிப்பனை வெட்டிவிட்டு, வேறு ஊரில் வேலை இருக்கிறது என்று காரில் ஏறினார். மேளக்காரர்களும் போய்விட்டார்கள்.

அல்லால் அப்போதும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். "நாளைக்கு வருவாங்க, யம்னா" என்றார்.

"வரட்டும்" என்றாள் அவள். "இன்னிக்கு ராத்திரி நம்ம வீட்டுல தூங்குறோம்."