மாமன் வெட்டிய முன்முடி

பிறந்ததும் இருபது நாள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவள் என் அக்கா மகள். பிழைத்தால் முதல் முடி சமயபுரத்தாளுக்கு என்று அக்கா நேர்ந்துகொண்டாள். அதுவரை கத்தரி படக்கூடாது என்பதில் அவள் படு கறார்.

மொட்டைக்கு முதல்நாள், ஸ்ரீரங்கம் வீட்டில், குழந்தையைச் சிரிக்க வைக்கப் பபிள்கம் ஊதினேன். எனக்கு வயது முப்பத்தாறு. அவள் பாய்ந்து பிடுங்கித் தன் நெற்றி முடியில் அப்பிக்கொண்டாள். தேங்காய் எண்ணெய்க்கும் அது அசையவில்லை. பயத்தில் வெட்டிவிட்டேன். வெட்டிய முடியைக் காகிதத்தில் மடித்துப் பர்ஸில் வைத்தேன். மிச்சத்தை முன்னால் இழுத்துச் சீவி மறைத்தேன்.

மறுநாள் தாய்மாமன் மடி என்று என் மடியிலேயே உட்கார வைத்தார்கள். எதிரே அக்கா கைகூப்பி நின்றாள். தலையில் தண்ணீர் தடவிய முடி எடுப்பவர் சட்டென்று நிறுத்தினார். என் காதருகே குனிந்தார்.

"கத்தரி பட்டிருக்கே. யாரு வேலைங்க?"

"நான்தாங்க. அக்காவுக்குத் தெரியாது."

"வெட்டுன முடி எங்க?"

"பர்ஸ்ல. ஆனா பபிள்கம்மோட இருக்குங்க."

"இருக்கட்டும், குடுங்க. ஆத்தா பாக்காத பபிள்கம்மா?"

மழித்த முடியோடு அதையும் சேர்த்தார்.

அக்கா கண்கலங்கக் கேட்டாள்: "ஒண்ணும் விட்டுப்போகலையேங்க?"

"எல்லாம் சேந்துடுச்சும்மா," என்றார், என் பக்கம் திரும்பாமலே.

சொந்தக்காரர்களின் அசட்டுத்தனம் ஒன்று கிடைத்தால் மதியச் சாப்பாட்டுக்குள் ஊருக்கே சொல்லிவிடுகிற ஆள் நான். இவ்வளவு நல்ல கதை கையில் கிடைத்தும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவரை நினைத்தால் இன்றும் என் வாய் கொஞ்சம் அடங்குகிறது.