தேனீக்கு மூன்று கண்கள்

சிவகாசியில் தினசரி காலண்டர் அச்சடிக்கும் கம்பெனி ஒன்றில் புரூஃப் பார்க்கிறேன். ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம் எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகும். தாளின் அடியில் இரண்டு வரிக்கு இடம் மிஞ்சும். உழைப்பு, பொறுமை என்று ஏதாவது அறிவுரையைப் போட்டு நிரப்புவது வழக்கம். வருடா வருடம் அதே அறிவுரைகள். எனக்கு அலுத்துவிட்டது.

அந்த இடத்தில் புதிதாக வந்த புத்தகங்களைச் சொல்லலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். கதைகள் இல்லை, எதையாவது தெரிந்துகொள்கிற மாதிரிப் புத்தகங்கள்.

"யாரு படிக்கப் போறாக? ராகு காலம் சரியா இருந்தாப் போதும். என்னமும் போட்டுக்கோங்க" என்றார்.

அனுமதி என்றே எடுத்துக்கொண்டேன். வாரத்துக்கு ஒரு புத்தகம். தும்மலைப் பற்றி ஒன்று: 'படித்தபின் தும்மலை மரியாதையாகத் தும்முவீர்கள்.' நிலக்கடலை கடல் தாண்டி நம் ஊருக்கு வந்த வரலாறு: 'கடலைமிட்டாயோடு உட்காரவும்.' மழையை அளந்தவர்களைப் பற்றி ஒன்று: 'விருதுநகர் மாவட்டத்துக்காரர்கள் வயிறெரியாமல் படிக்கவும்.' வைகாசிக்குள் எழுதிக் கொடுத்தால் அடுத்த வருடம்தான் அந்தத் தாள் கிழிபடும். அதற்குள் புதுப் புத்தகம் பழசாகியிருக்கும். அது ஒன்றும் கெட்டுப்போகிற சாமான் இல்லையே.

உண்மையைச் சொன்னால், ஊருக்கு அறிவு புகட்டும் ஆசையெல்லாம் எனக்கு இல்லை. எனக்குப் பேச ஆள் வேண்டும். வாடகை வீட்டில் தனியாக இருக்கிறேன். கம்பெனியில் எல்லோரும் பிரியமானவர்கள்தான். விஸ்வநத்தத்திலிருந்து வரும் பைண்டிங் அக்கா, "சாப்பிட்டீகளா?" என்று கேட்காமல் என்னைத் தாண்ட மாட்டார். "என்ன படிச்சீக?" என்று கேட்கத்தான் ஆள் இல்லை. விருந்துக்குச் சமைத்துவிட்டுத் தானே தின்று தீர்ப்பது போல, படித்ததையெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

காலண்டர் வந்து வைகாசி வரைக்கும் புத்தகத்தைப் பற்றி ஒரு போன்கூட வரவில்லை. முன்பொரு தடவை ஒரு வெள்ளிக்கிழமை எமகண்டத்தை அரை மணி நேரம் தள்ளிப் போட்டுவிட்டோம். அன்றைக்கு ஆபீஸ் போன் ஓயவே இல்லை. ராஜபாளையத்திலிருந்தெல்லாம் கூப்பிட்டுத் திட்டினார்கள். எனக்கு அந்த எமகண்டத்தின் மேல் பொறாமையாக இருந்தது.

பாராட்ட யாரும் போனை எடுக்கமாட்டார்கள், தப்பைச் சொல்ல எடுப்பார்கள். ஆகவே அடுத்த காலண்டரில், தேனீக்களைப் பற்றிய நல்ல புத்தகம் ஒன்றைச் சொல்லும்போது, 'தேனீக்கு மூன்று கண்கள் எதற்கு?' என்று வேண்டுமென்றே எழுதினேன். தேனீக்கு ஐந்து கண்கள். புத்தகத்தின் முதல் அத்தியாயமே அதுதான். படித்தவர்களால் சும்மா இருக்க முடியாது.

புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை அந்தத் தாளின் நாள் வந்தது. வெளியே தீபாவளி சீசன், ரோடெல்லாம் பட்டாசு லோடு லாரிகள். நான் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஆர்டர் கேட்டார்கள், பார்சல் கிளம்பியாச்சா என்று கேட்டார்கள். தேனீயைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மறுநாளும் இல்லை. அழுகை வந்தது. புரூஃப் தாளுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

வாரக் கடைசியில், சாத்தூரிலிருந்து ஒரு பெண் குரல்.

"காலண்டர் கம்பெனிதானே? தேனீக்கு மூணு கண்ணுன்னு போட்டிருக்கீக. அஞ்சுங்க."

"புஸ்தகம் படிச்சீகளா?" என்றேன்.

"படிச்சேன். போன் பண்ணலாமா வேணாமான்னு நாலு நாளா யோசிச்சிக்கிட்டே இருந்தேன்." பிறகு கேட்டார். "நீங்க படிச்சிருக்கீகளா?"

"படிச்சிருக்கேன்."

"அங்கன வேற யாரும் படிச்சிருக்காகளா?"

நிமிர்ந்து பார்த்தேன். அக்காவும் மற்றவர்களும் தாள் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இல்ல" என்றேன்.

"இங்கனயும் இல்ல" என்றார்.

அதற்குமேல் என்ன பேசுவதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஆனால் போனை வைக்கவும் இல்லை.