மூட்டையைப் பிரிக்காமல் போட்ட விலை

போன ஞாயிற்றுக்கிழமை காலை. நான் தோசைக்கல்லை அடுப்பில் வைத்த நேரம் பார்த்து, எதிர்வீட்டுக் கயல்விழி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“ஆன்ட்டி, இதுல என் காலேஜைக் காணோம்.”

காலேஜைக் காணோமா? பஸ் ஸ்டாண்டில் பர்ஸைப் பறிகொடுத்தவள் மாதிரி நின்றாள். வாங்கிப் பார்த்தேன். சென்னையில் ஒரு பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியின் விண்ணப்பம். ‘கல்லூரி’ என்ற கட்டத்தைத் தட்டினால் நீளமாக ஒரு பட்டியல் விழுகிறது. சென்னை, கோவை, திருச்சி... பேர் பெற்ற கல்லூரிகள் எல்லாம் அதில் இருக்கின்றன. திண்டிவனத்துக்கு வெளியே, இவள் மூன்று வருஷம் பஸ்ஸில் தொங்கிப் போய் வந்த கல்லூரி மட்டும் இல்லை. பட்டியலின் அடியில் ஒரே ஒரு சொல் — ‘அதர்ஸ்’.

“அதையே தட்டும்மா” என்றேன். எனக்கு என்ன தெரியும்?

தட்டினாள். அனுப்பினாள். தோசையை நான் திருப்பிப் போடுவதற்குள் பதில் மெயில் வந்துவிட்டது. தங்கள் ஆர்வத்துக்கு நன்றியாம். பரிசீலிக்க இயலவில்லையாம். பரிசீலிக்கவே இல்லையே, அப்புறம் எங்கே இயலாமல் போவது?

கயல் கம்ப்யூட்டர் சயின்ஸில் வகுப்பின் முதல் மாணவி. கடைசி வருஷ ப்ராஜெக்டுக்காக, மார்க்கெட் கமிட்டியின் அன்றாட விலையை செல்போனில் காட்டும் ஆப் ஒன்றைச் செய்தாள். ஒலக்கூர் பக்கத்து விவசாயிகள் சிலர் இன்றைக்கும் அதைப் பார்த்துவிட்டுத்தான் மூட்டையை வண்டியில் ஏற்றுகிறார்கள். இந்தப் பெண்ணுக்கு வீட்டில் ஆவணி வரைக்கும்தான் கெடு. அதற்குள் வேலை கிடைக்காவிட்டால் கண்டமங்கலத்து மாப்பிள்ளை வீட்டாருக்குச் சம்மதம் சொல்லிவிடுவார்கள். இப்போது ஆடி பாதி.

மகளைத் தேடிக்கொண்டு அவள் அப்பா ஏழுமலை வந்தார். கமிட்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டைகளை எடை போடுகிறவர். விஷயத்தைச் சொன்னேன். லேப்டாப்பை எட்டிப் பார்த்தார்.

“கமிட்டில நாங்க மூட்டையப் பிரிச்சி, ஒரு புடி மல்லாட்டைய எடுத்து ஒடச்சிப் பாத்துட்டுத்தாங்க வெல போடுவோம். எந்த ஊரு மல்லாட்டைன்னு எவனும் கேக்கறதில்ல. இவ மூணு வருஷம் கண்ணு முழிச்சிப் படிச்சிக்கினு இருந்தா. மூட்டையவே பிரிக்காம திருப்பி அனுப்பிச்சா என்னாங்க நாயம்?”

அது என்ன நியாயமென்று உங்களுக்குத் தெரியுமா?

ஆனால் அந்தக் கம்பெனியை மட்டும் திட்டுவானேன்... நாமும் லேசுப்பட்டவர்களா? வெளியூரில் யாராவது ஊர் கேட்டால் ஒலக்கூர்க்காரர் திண்டிவனம் என்பார். திண்டிவனத்துக்காரர் ‘சென்னைக்குப் பக்கம்’ என்பார். கண்டமங்கலத்துக்காரரோ கூசாமல் பாண்டிச்சேரி என்றே சொல்லிவிடுவார். விழுப்புரத்தில் பிறந்த நானே சென்னைக் கல்யாணங்களில் பாண்டி ரோடு என்று இழுத்திருக்கிறேன். பக்கத்து ஊரின் பேரை இரவல் வாங்கிப் போட்டுக்கொள்வதில் நம் விழுப்புரம் ஜில்லாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அதே கம்பெனியில் என் சித்தி மகன் செந்தில் டீம் லீடராக இருக்கிறான். இது எனக்கு ஞாபகம் வருவதற்குள் இரண்டு தோசை கருகிவிட்டது. போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

“அக்கா, ஆயிரக்கணக்குல அப்ளிகேஷன் வருது. அதர்ஸ்னு இருந்தா கம்ப்யூட்டரே கழிச்சிக் கட்டிடும். அந்தப் பொண்ண யாரு அதைத் தட்டச் சொன்னது?”

நான் சட்னியைக் கிளறினேன்.

“பட்டம் குடுக்கறது யுனிவர்சிட்டிதான? சர்டிஃபிகேட்ல அது பேருதான் பெருசா இருக்கும். லிஸ்ட்லயும் இருக்கும். அதைப் போட்டுட்டு காலேஜ் பேரை விட்டுடச் சொல்லு.”

கயல் போன் பக்கம் குனிந்தாள். “சார், அப்ப நான் யுனிவர்சிட்டிக்குள்ளயே படிச்சேன்னு நெனைச்சிக்க மாட்டாங்களா?”

“நெனைச்சிக்கட்டுமே. நீ பொய் சொல்லலியே.”

“நீங்க எப்படி சார் போட்டீங்க?”

செந்தில் படித்தது எங்கே என்று எனக்குத் தெரியும். விழுப்புரத்தைத் தாண்டி, கரும்புத் தோட்டத்துக்கு நடுவே ஒரு கல்லூரி. இவனும் அசல் அதர்ஸ்தான். பத்து வருஷமாக அந்தக் கல்லூரியின் பேரை அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

“அக்கா...” என்று தொண்டையைச் செருமினான். “ஒரு லிங்க் அனுப்பறேன். எங்க ஆளுங்க சிபாரிசு பண்றவங்களுக்குன்னு தனியா ஒரு ஃபாரம். ஜல்தியா போடச் சொல்லு. காலேஜ் பேரை உள்ளபடியே எழுதட்டும்.”

எழுதினாள். மூன்றாம் நாள் அழைத்தார்கள். ப்ரோக்ராம் எழுதச் சொன்னார்கள், எழுதினாள். விலை காட்டும் ஆப்பை முக்கால் மணி நேரம் தோண்டித் துருவிக் கேட்டார்கள். கல்லூரியைப் பற்றி ஒரு கேள்வி? ஊஹூம். நேற்று வேலை உத்தரவு வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டாரிடம் ஏழுமலையே போய், “பொண்ணு வேலைக்குப் போறா, அப்பறமா பாக்கலாங்க” என்று சொல்லிவிட்டு வந்தார். வந்த கையோடு எனக்கு ஒரு பை மல்லாட்டை.

சந்தோஷம்தான். ஆனால் அந்த மல்லாட்டையை வேகவைத்து உரித்துத் தின்னும்போது எரிச்சலாக வந்தது. கயலோடு படித்த பெண்களில் அவளுக்குச் சமமாக ப்ரோக்ராம் எழுதுகிறவர்கள் இன்னும் நாலு பேர் இருக்கிறார்களாம். நால்வருமே அதே கம்பெனிக்குப் போட்டு, அதே ‘அதர்ஸ்’ஸைத் தட்டி, அதே நன்றி மெயிலை வாங்கி வைத்திருக்கிறார்கள். அவர்கள் எதிர்வீட்டில் நான் இல்லை. எனக்கும் செந்தில் ஒருவன்தான். பேர் பெற்ற கல்லூரி வேண்டும், இல்லையென்றால் பேர் தெரிந்த ஆள் வேண்டும் என்றால், படிப்பு எதற்கய்யா வேண்டும்?

அந்த சிபாரிசு ஃபாரத்திலும் ஒரு பட்டியல் இருந்தது. ‘எங்கள் நிறுவனத்தில் உங்களுக்குத் தெரிந்தவர் யார்?’ தட்டினால் ஊழியர்களின் பேர்கள் சரசரவென்று விழுந்தன. கடைசி வரை தள்ளிப் பார்த்தேன்.

அதில் ‘அதர்ஸ்’ இல்லை.