நாலு நிமிஷம் பன்னிரண்டு வினாடி

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. என் பேச்சைக் கேட்டு நாலு பேர் சிரித்துவிட்டால் அன்றைய வேலை முடிந்ததாக நினைத்துக்கொள்வேன். அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுப்பது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல. ஆனால் அதை நான் வாங்கிக்கொள்வது ஏதோ கச்சேரிக்கு வந்தவன் மாதிரி.

கேரளத்து மலையில், பள்ளிவாசல் என்ற ஊருக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறது எங்கள் பள்ளிக்கூடம். தமிழ் வழி, ஏழாம் வகுப்பு வரை. எனக்குச் சொந்த ஊர் கஞ்சிக்கோட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, கொங்குத் தமிழ் பேசும் இடம். வாயைத் திறந்தால் ‘ஏனுங்க’ தான் முதலில் வரும். கொழுந்து கிள்ளும் பெண்கள் பேசுவது தென்பாண்டித் தமிழ். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், “பசங்கள ஊட்டுக்குக் கூட்டீட்டுப் போங்க” என்று சொன்னதற்கு தொழிலாளர் வீட்டு வரிசை, ஒரு லயமே, சிரித்தது. ஊட்டிக்கு எதற்கு சார் என்று கேட்டார்கள். அன்றே தெரிந்துவிட்டது, இங்கே நான் வாயைத் திறந்தாலே போதும், வேறு தகுதி வேண்டாம்.

அந்தத் தகுதிக்கு ஒரு வேலையும் கிடைத்தது. கல்வி உபஜில்லா அலுவலகத்திலிருந்து வரும் சர்க்குலர் எல்லாம் மலையாளத்தில் இருக்கும். இலவசச் சீருடை எப்போது வரும், கண் பரிசோதனை என்றைக்கு, உதவித்தொகைக்கு எந்தச் சான்றிதழ் வேண்டும் என்று வாரத்துக்குக் குறைந்தது இரண்டு வரும். எங்கள் தாய்மார்களில் முக்கால்வாசிப் பேருக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. தமிழிலும் சிலர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள். அதனால் நான் சர்க்குலரைப் படித்து, வாட்ஸாப்பில் குரல் செய்தியாக அனுப்புவேன். மலைமேல் எங்கள் பள்ளிச் செய்தித்தாள், வானொலி, விளம்பரப் பலகை எல்லாம் நான்தான்.

வெறும் செய்தியை யார் கேட்பார்கள்? முதலில் ஒரு கதை, ஒரு கிண்டல், தலைமை ஆசிரியை நடப்பதைப் பற்றி இரண்டு வரி, அப்புறம் செய்தி. அப்படித்தான் வைத்திருந்தேன். தலைமை ஆசிரியை மலையாளி. ஒருநாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “மாஷே, விஷயம் ஆத்யம் பறயணும். தமாஷ் பின்னே மதி.” செய்தியை முதலில் சொல்லு, தமாஷ் பிறகு போதும் என்கிறார். பிறந்ததிலிருந்து கேரளத்தில் சோறு தின்கிறவன் நான். அன்று மட்டும் எனக்கு மலையாளம் புரியவில்லை.

அந்தப் பெண்கள் என் செய்தியை எப்படிக் கேட்பார்கள் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். கொழுந்து கிள்ளும் மலைக்காட்டில் சிக்னல் கிடையாது. வளைவில் ஒரு பாறை இருக்கிறது. அதன்மேல் ஏறினால் மட்டும் இரண்டு கோடு வரும். அதற்கு ரேஞ்சுப் பாறை என்றே பெயர். பெரிய ஃபோன் வைத்திருக்கும் ஒரு அக்கா பத்து மணி டீக்கு முன்னால் பாறையில் ஏறி என் செய்தியை இறக்கிக்கொண்டு வருவார். டீ குடித்துக்கொண்டே எல்லாரும் ஸ்பீக்கரில் கேட்பார்கள். ஒரு தடவை நான் நேரிலேயே பார்த்தேன். என் கிண்டல் வந்த இடத்தில் ஒருத்தி டீயைத் துப்பிவிட்டு, “எக்கா, இன்னொரு வாட்டி போடு” என்றாள். ஃபோன்கார அக்கா மறுபடி போட்டார். மறுபடி சிரித்தார்கள். அதற்குள் சூப்பர்வைசர் விசில் ஊதிவிட்டார். கூடையை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். செய்தியின் கடைசிப் பகுதி ஃபோனுக்குள்ளேயே கிடந்தது. அக்கா ஒரு கட்டைவிரல் படம் போட்டார். லயம் முழுக்கக் கேட்டதாக அதற்கு அர்த்தம்.

இதைக் கண்ணால் பார்த்தவன் நான். பார்த்துவிட்டு என்ன செய்தேன்? இன்னொரு வாட்டி போடச் சொன்னார்களே என்ற பூரிப்பில் இரண்டு பரோட்டா கூடுதலாகத் தின்றேன்.

அந்த வருடம் மூன்று பெண் பிள்ளைகள் ஏழாம் வகுப்பை முடித்தார்கள். எட்டாம் வகுப்புக்குக் கீழே டவுனுக்குத்தான் போகவேண்டும். இரண்டு பேருக்கு வீட்டுப் பக்கத்திலேயே பஸ் உண்டு; மூன்றாமவளின் வீடு தோட்டத்தின் கடைசி டிவிஷனில் இருக்கிறது. அப்பா இல்லை. அம்மா கொழுந்து கிள்ளுகிறார். அங்கிருந்து பஸ் நிற்கும் இடத்துக்கு வர யானை நடமாடும் பாதை. டவுனில் பெண் பிள்ளைகளுக்கு ஒரு விடுதி இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் படிப்பு, இல்லையென்றால் தினமும் அந்த யானைப் பாதை. வருடக் கடைசி நாளன்று அந்த அம்மா பள்ளிக்கு வந்து என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “ஆஸ்டல் பேப்பர் வந்தா மட்டும் சொல்லிருங்க சார். மத்ததெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்.”

“என்ர பொறுப்புங்க” என்றேன். நெஞ்சில் கையை வேறு வைத்துக்கொண்டேன்.

மே மாதம் நான் ஊரில் இருந்தபோது சர்க்குலர் வந்தது. வெள்ளிக்கிழமை தாயும் பிள்ளையும் நேரில் விடுதிக்கு வரவேண்டும், ரேஷன் கார்டும் மாற்றுச் சான்றிதழும் கொண்டுவர வேண்டும், அன்று வராதவர்களுக்கு இடம் இல்லை. எழுதியிருந்தது அவ்வளவுதான். பதினைந்து வினாடியில் சொல்லிவிடலாம்.

ஆனால் அதே வாரம் தலைமை ஆசிரியை இன்னொரு சேதி சொல்லியிருந்தார். ஆளில்லாத பள்ளிக்கு ஒரு யானை வந்து மதிலைச் சாய்த்து, சத்துணவு அரிசி வாசனைக்குச் சமையலறை ஜன்னலில் துதிக்கையை விட்டிருக்கிறது. இதைக் கேட்ட பிறகு என்னால் பதினைந்து வினாடியில் முடிக்க முடியுமா? மின்விசிறிக்குக் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு, யானை எங்கள் பள்ளியில் சேர வருவதாக ஒரு நாடகமே போட்டேன். தலைமை ஆசிரியை குரலில், “டிசி எவிடே?” யானைக் குரலில், “மதில் விழுந்தப்போ அதுக்கடியில மாட்டிக்கிச்சுங்க.” “வீட்டில இருந்து எத்தர தூரம்?” “எங்கூடு தானுங்க இது. நீங்கதான் பொறவு வந்தீங்க.” கடைசியில், “யானைக்கு சீட் இல்லீங்களாம், உங்க பிள்ளைகளுக்கு இருக்குது, இப்ப விஷயத்துக்கு வாரனுங்க” என்று சொல்லி விடுதிச் சேதியைச் சொன்னேன். மொத்தம் நாலு நிமிஷம் பன்னிரண்டு வினாடி. அனுப்பிவிட்டு நானே மூன்று தடவை போட்டுக் கேட்டேன். மறுநாள் கட்டைவிரல் வந்தது.

பத்து நாள் கழித்து மலையேறினேன். பஸ்ஸை விட்டு இறங்கினால், கடை வாசலில் அந்த அம்மா. கையில் மண்ணெண்ணெய்க் கேன்.

“சார், யானை நாடகம் கேட்டோம். வயிறு புண்ணாப் போச்சு. எம் மக ரெண்டு நாளா யானை மாதிரியே பேசுதா.”

எனக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

“அது கிடக்கட்டும். ஆஸ்டல் பேப்பர் வந்துச்சா சார்?”

மலர்ந்த முகத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் விடுதிக்குப் போகவில்லை; செய்தியின் கடைசியைக் கேட்கவே இல்லை. வெள்ளிக்கிழமை போய் நாலு நாள் ஆகிவிட்டது. அந்த இடத்தில் ஒரு மனிதன் சொல்லவேண்டியது என்னவென்று எனக்குத் தெரியும். நான் சொன்னது: “வருமுங்க. வந்ததும் சொல்றனுங்க.”

பொய் சொல்லும்போது எனக்கு ‘ங்க’ கொஞ்சம் அதிகமாக வரும். அவருக்கு அது தெரியாது. “சரி சார்” என்று சொல்லிவிட்டுக் கேனைத் தூக்கிக்கொண்டு ஏறிப் போனார்.

மறுநாள் டவுனுக்கு ஓடினேன். விடுதி வார்டன் அம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த ஒரே ஆயுதத்தை எடுத்தேன். “மேடம், அந்தப் புள்ள ரொம்ப ஒல்லிங்க. ரெண்டு கட்டிலுக்கு நடுவால நிக்க வெச்சாக்கூடப் போதும்.”

அவர் சிரிக்கவில்லை. “அன்னிக்கு ஏன் வரல?”

“தகவல் போய்ச் சேரலீங்க.”

“தகவல் சொல்ல வேண்டியது யாரு?”

நான் மேஜைமேல் இருந்த பேனா ஸ்டாண்டைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. நோட்டைத் திறந்து, காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயராக அந்தப் பெண்ணின் பெயரை எழுதிக்கொண்டார். “யாராவது விட்டுப் போனா கூப்பிடுறேன். பெரும்பாலும் யாரும் போக மாட்டாங்க.”

திரும்பி வந்து இரண்டு நாள் அந்த டிவிஷன் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் பத்து மணி டீக்கு மலைக்காட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும், “ஏ, யானை வருது, யானை வருது” என்று கத்தினார்கள். ஒருத்தி எனக்கு டீ ஊற்றினாள். அந்த அம்மா கொழுந்துக் கூடையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

நின்றபடியே சொன்னேன். “ஆஸ்டல் பேப்பர் வந்துருச்சுங்க. வந்து போயும் போயிருச்சு. அன்னிக்கு நான் உங்ககிட்டச் சொன்னது பொய்யுங்க.”

யாருக்கும் புரியவில்லை. இதுவும் ஏதோ நாடகம் என்று ஒருத்தி சிரிக்க ஆரம்பித்தாள். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

“எப்ப சொன்னீங்க?”

“யானைச் செய்தியிலேயே. கடைசியில.”

அவர் ஃபோன்கார அக்காவைப் பார்த்தார். “போடு.”

அக்கா தேடியெடுத்துப் போட்டார். கடைசிப் பகுதியை மட்டும் போடலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை, சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. ஆரம்பத்திலிருந்தே ஓடியது. அந்தப் பச்சைக்கு நடுவில் நின்று, என் குரலை நான் கேட்டேன். டிசி எவிடே. மதில் விழுந்தப்போ மாட்டிக்கிச்சுங்க. பின்னால் இருந்த பெண்களுக்குப் பழக்க தோஷத்தில் சிரிப்பு வந்துவிட்டது. ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அந்த அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு, சேதி வரட்டும் என்று காத்திருந்தார். நாலு நிமிஷம் இவ்வளவு நீளமாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. எங்கூடு தானுங்க இது. என்ன குரல் அது, எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறான் அந்த ஆள்! ஓடிப்போய் அவன் வாயைப் பொத்தவேண்டும் போல் இருந்தது.

கடைசியில் வெள்ளிக்கிழமை வந்தது, ரேஷன் கார்டு வந்தது, அன்று வராதவர்களுக்கு இடம் இல்லை என்பதும் வந்தது. அதே உற்சாகத்தோடு.

விசில் சத்தம் கேட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. ஃபோன்கார அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு, “நான் பெருவிரல் போட்டேனே” என்றார்.

அந்த அம்மா என்னைத் திட்டியிருக்கலாம். தென்பாண்டித் தமிழில் அதற்கு வேண்டிய சொற்கள் ஏராளம் என்று எனக்குத் தெரியும். அவர் கூடையை மாட்டிக்கொண்டு சொன்னார்: “நல்லாத்தான் சார் பேசுதீங்க.”

செடி வரிசைக்குள் இறங்கிப் போய்விட்டார்.

ஜூனில் பள்ளி திறந்தது. அந்தப் பெண் காலை ஆறு மணிக்குக் காய்கறி ஏற்றிப் போகும் ஜீப்பில் கோஸ் மூட்டைக்கும் கேரட் மூட்டைக்கும் நடுவில் உட்கார்ந்து டவுனுக்குப் போனாள். கடைசி டிவிஷனிலிருந்து ஜீப் நிற்கும் இடம் வரை அந்த யானைப் பாதையில் நான் துணைக்கு நடந்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகப் போனேன். யானை வந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று கேட்காதீர்கள். எனக்கு முன்னால் அவள் ஓடியிருப்பாள், யானைக்கு நான் முதலில் கிடைத்திருப்பேன், அவ்வளவுதான் உபயோகம். என் வாயாடித்தனம் அந்த மூன்று கிலோமீட்டரிலும் செல்லுபடியாகவில்லை. அவள் குடையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போவாள். நான் பின்னால் மூச்சிரைத்துக்கொண்டு போவேன்.

ஜூலையில் ஒருநாள், மூடுபனி விலகும்போது வளைவில் நிஜமாகவே நின்றது. கொம்பன் யானை. தேயிலைச் செடிக்கு மேலே அரை உடம்பு தெரிந்தது. நாங்கள் ஒரு பாறைக்குப் பின்னால் பதுங்கினோம். ஜீப் ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. அன்று அவளுக்குக் கணக்குப் பரீட்சை. ஒரு மணி நேரம் அது பாதையை விடவில்லை. பிறகு, யானையிலிருந்து கண்ணை எடுக்காமல், மெதுவாகக் கேட்டாள்:

“சார், அதுக்கு டிசி இருக்கான்னு கேளுங்களேன்.”

கிண்டலா, கோபமா, பயத்தில் வந்த பேச்சா, இன்றுவரை எனக்குத் தெரியாது. என் வாழ்நாளில் நான் போட்ட எந்தத் தமாஷும் அவ்வளவு சரியான இடத்தில் போய் விழுந்ததில்லை. எனக்குச் சிரிக்க வரவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

நான் வாரத்துக்கு ஒரு முறை வார்டன் அம்மாவுக்கு ஃபோன் செய்துகொண்டிருந்தேன். என் எண்ணைப் பார்த்தாலே, “இல்லை மாஷே” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். ஓணம் விடுமுறை முடிந்த வாரம் அவரே கூப்பிட்டார். ஒரு பிள்ளையின் குடும்பம் தமிழ்நாட்டுப் பக்கம் போய்விட்டது; ஒரு கட்டில் காலி.

அன்று வெள்ளிக்கிழமை. மாலையே குரல் செய்தி பேசினேன். பேச ஆரம்பித்ததும் வாய் தானாகக் கட்டிலைப் பற்றி ஏதோ சொல்லப் போனது. அழித்தேன். மறுபடி பேசினேன். “ஆஸ்டல்ல இடம் கெடச்சிருக்குதுங்க. திங்கக்கிழம காலைல பத்து மணிக்கு அம்மாவும் புள்ளையும் வரோணும். ரேஷன் கார்டு, டிசி காப்பி எடுத்துக்கோங்க.” பதினொரு வினாடி. அனுப்பிவிட்டு, அதை நம்பாமல், கடைசி டிவிஷனுக்கு நடந்தும் போனேன். வீட்டில் பூட்டு தொங்கியது. கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தார்கள்.

மறுநாள் சனிக்கிழமை, பள்ளி இல்லை. பத்தேகாலுக்கு ஃபோன்கார அக்கா பாறைமேல் நின்று கூப்பிட்டார்.

“என்ன சார், ஊதி ஒரு வாய் டீ குடிக்குமுன்ன முடிஞ்சு போச்சு? உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“நல்லாருக்கனுங்க. அவங்க கேட்டாங்களா?”

“எல்லாரும் கேட்டாச்சு. விசில் ஊதுத வரைக்கும் அதைத்தான் ஓட்டுனோம். இன்னொரு வாட்டி போடு, இன்னொரு வாட்டி போடுன்னு காதுகிட்ட வச்சு வச்சுக் கேக்கா.”

“யாருங்க?”

“யாரு, புள்ளையோட அம்மாதான்.”